சாமி இறங்க ஆறு குவளை

தம்புசாமியை அரிசிக்கடைத் தராசில் ஏற்றி நிறுத்தியபோது அவன் தலையில் கிரீடம் இருந்தது. கழுத்தில் ஐந்து வரிசை கண்ணாடி மணி, இடுப்பில் நீலப் பட்டு, பட்டுக்கு அடியில் நான் தைத்த தோல் பட்டை. பிரிக்பீல்ட்ஸில் சாமான் வாங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

"என்னம்மா, சாமிய கிலோ கணக்குல விக்கிறியா?" என்றார் ஒருவர்.

"விக்கிறதுக்கு இல்ல அங்கிள், பறக்க விடுறதுக்கு," என்றேன். முள் அறுபத்து மூன்றில் நின்றது. நோட்டில் எழுதிக்கொண்டேன்: வருணன், முழு உடையோடு, 63 கிலோ.

"போதும் லா பூசணி, எறங்கவா? அந்த ஆன்டி கும்பிட வராங்க," என்றான் தம்புசாமி. என் பெயர் குணபூசணி. அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு கூப்பிடுவது அவன் வழக்கம்.

நாங்கள் இருவரும் அதே தெருவில், ஒரு தையல் கடைக்கு மேலே இயங்கிய சின்ன நாடகக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தோம். காலையில் நாடக வரலாறு, மதியம் நடிப்பு, மாலையில் மேடைத் தொழில். மற்றவர்களுக்கு வெளிச்சத்தில் நிற்க ஆசை. எனக்கு அந்த விளக்கு எந்தக் கம்பியில் தொங்குகிறது என்று பார்க்க ஆசை.

மேடைத் தொழிலுக்கு எழுத்துத் தேர்வு கிடையாது. நாடக வரலாற்றில் படித்த ஒரு பொறியை எடுத்து, சொந்தக் கையால் செய்து, ஆள் நிறைந்த அரங்கில் ஒரு முறை இயக்கிக் காட்ட வேண்டும். இயங்கினால் தேர்ச்சி. இயங்காவிட்டால் இன்னும் ஓர் ஆண்டு. எனக்கு அந்த இன்னும் ஓர் ஆண்டு இல்லை. என் அப்பா கனகசபை ரயில்வேயில் கால அட்டவணை போடும் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவர். "ரெண்டு வருஷம், பிள்ளை. அதுக்குள்ள முடிச்சால் உன்ரை விருப்பம். இல்லாட்டி டீச்சர் ட்ரெய்னிங்," என்று முதல் நாளே சொல்லிவிட்டார். டீச்சர் ட்ரெய்னிங் படிவத்தை நிரப்பி, என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு, சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். இன்னொரு பக்கம், அம்பாங்கில் ஒரு நாடகக் குழு மேடை வேலைக்கு ஆள் தேடியது. தேர்ச்சிச் சான்றிதழோடு வா என்று சொல்லியிருந்தார்கள்.

நான் எடுத்துக்கொண்ட பொறி, கடவுளை வானத்திலிருந்து இறக்குவது. கிரேக்கர்கள் இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்பே, கதை சிக்கிக்கொள்ளும் இடத்தில் ஒரு மரக்கையில் கடவுளைத் தொங்கவிட்டு மேடைக்குக் கொண்டுவந்தார்கள். நம் பழைய நாடகக் கம்பெனிகளும் நாரதரைக் கயிற்றில் விட்டிருக்கின்றன. எங்கள் நாடகத்தில் சிக்கல் தண்ணீர். ஒரு அடுக்கு வீட்டில் ஒரே ஒரு குழாயில்தான் தண்ணீர் வருகிறது. குடியிருப்பவர்கள் வாளியும் குவளையுமாகச் சண்டை போடுகிறார்கள். கடைசியில் வருணனைக் கூப்பிட, அவர் இறங்கி வந்து தீர்ப்புச் சொல்லிவிட்டுத் திரும்ப மேலே போகிறார்.

இதற்கு இயந்திரம் வேண்டாம். சீசா பலகையில் எதிர்ப்பக்கம் உங்கள் எடைக்குக் கொஞ்சம் குறைவான ஒருவர் உட்கார்ந்தால் என்ன ஆகும்? நீங்கள் மெதுவாகத் தரைக்கு வருவீர்கள். அவ்வளவுதான். தம்புசாமியின் முதுகுப் பட்டையிலிருந்து ஒரு கயிறு மேலே போகிறது. கூரை உத்தரத்தில் ஓர் உருளை, மேடை ஓரத்தில் இன்னோர் உருளை. இரண்டையும் தாண்டிக் கீழே வந்து ஒரு மணல் மூட்டையில் முடிகிறது. அவன் அறுபத்து மூன்று, மூட்டை ஐம்பத்தொன்பது. நான்கு கிலோ வித்தியாசம். அதில் இரண்டு கிலோவை உருளைகளின் உராய்வு தின்றுவிடும். மிச்சம் இருக்கிற இரண்டு கிலோதான் அவனைக் கீழே கொண்டுவருகிறது. அதனால்தான் அவன் விழாமல், இறகு போல இறங்குகிறான்.

மூட்டை ஆடி யார் தலையிலும் இடித்துவிடக் கூடாது என்று, அதைத் தரையிலிருந்து கூரை வரை ஒரு பலகைக் கூண்டுக்குள் அடைத்தேன். முப்பத்தாறு திருகாணி. மூட்டையின் அடியில் கட்டிய மெல்லிய கயிறு மட்டும் ஓர் ஓட்டை வழியாக என் கைக்கு வரும். அதை இழுத்தால் மூட்டை கீழே போகும், வருணன் மேலே போவான். விட்டுக்கொடுத்தால் வருணன் தன் எடையால் கீழே வருவான்.

எங்கள் விரிவுரையாளர் சிவசம்பு சார் கூண்டை இரண்டு முறை சுற்றி வந்தார். "நல்ல வேலை. ஆனா மூணு விஷயம். ஆள் தொங்கும்போது மூட்டையைத் திறக்கப்படாது. கயித்தை விட்டு யாரும் நகரப்படாது. ஏணி வச்சு ஆளை இறக்கினால் பொறி தோத்துது எண்டு அர்த்தம்."

டிசம்பர் தொடக்கத்தில் கிள்ளானில் நாங்கள் எடுத்திருந்த மண்டபத்தில் ஒன்பது முறை இறக்கிப் பார்த்தோம். ஒன்பது முறையும் இறகு. பிறகு மண்டபம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பள்ளி விடுமுறைக்குப் பூப்பந்துப் போட்டி, தை பிறந்ததும் வரிசையாகக் கல்யாணம். கூண்டு மேடை ஓரத்தில் துணி போர்த்திக்கொண்டு நின்றது. நாங்கள் கல்லூரி மாடியில் வசனம் மட்டும் சொல்லிப் பார்த்தோம்.

அதே டிசம்பரில் தம்புசாமி விரதம் தொடங்கினான். அவன் அக்காவுக்கு எட்டு வருஷம் கழித்துக் குழந்தை பிறந்திருந்தது. பத்துமலைக் கோயிலில் காவடி எடுப்பதாக வேண்டுதல். நாற்பத்தெட்டு நாள், ஒரு வேளை சைவச் சாப்பாடு. கல்லூரியில் எல்லாருக்கும் இது தெரியும். ஒத்திகை நேரத்தை அவன் பூசைக்கு ஏற்றபடி மாற்றி எழுதியதே நான்தான். அவனுக்கு வாழைப்பழம் வாங்கி வந்ததும் நான்தான். பூசத்தன்று மொட்டைத் தலையும் காவடியுமாக அவன் படியேறியதைக் கூட்டத்தில் நின்று பார்த்துக் கை தட்டாத குறை. விரதம் ஒரு பக்கம், என் நோட்டில் இருந்த அறுபத்து மூன்று இன்னொரு பக்கம். இரண்டும் என் தலைக்குள் ஒரே தெருவில் குடியிருந்தும் ஒரு நாள்கூடச் சந்தித்துக்கொள்ளவில்லை.

நாடகம் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு. மறுநாள்தான் இடும்பன் பூசை, அதோடுதான் அவன் விரதம் முடியும். அவன் ஊரான தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து அவன் குடும்பம் லோரி பிடித்து வந்திருந்தது. முன்வரிசையில் வெளித்தேர்வாளர் சபாபதி, மடியில் மதிப்பெண் தாள். அவருக்கு நான்கு நாற்காலி தள்ளி என் அப்பா, கையில் நிகழ்ச்சி நிரல், மணிக்கட்டில் ரயில்வே கடிகாரம்.

ஒப்பனை அறையில் கிரீடத்தை வைத்தேன். மூக்கு வரை இறங்கியது.

"முடி இல்ல லா, அதான்," என்றான் தம்புசாமி. செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்தேன். சரியாக நின்றது. தோல் பட்டையைப் பூட்டினேன். தொளதொள என்றிருந்தது. இரண்டு துளை உள்ளே இழுத்துப் பூட்டினேன். கேளுங்கள்: இரண்டு துளை. என் கையாலேயே இழுத்தேன். தோல் நெகிழ்ந்துவிட்டது போல என்று தோலின் மேல் பழி போட்டுவிட்டுப் போய்விட்டேன்.

நாடகம் நன்றாகவே போனது. மாடிவீட்டுக்காரியாக நடித்த சந்திரகலா, பால்கனியில் நின்று கீழ்வீட்டுக்காரர்களை ஏசிய ஏச்சுக்கு மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் காலடியில் நிஜத் தண்ணீர் நிரம்பிய ஒரு பெரிய தொட்டி, ஒரு காலி வாளி, மொள்ளுவதற்கு ஒரு குவளை. மறைதுணிக்குப் பின்னால் தம்புசாமி ஏணியில் ஏறி, கயிற்றில் கொக்கியை மாட்டி, ஏணியிலிருந்து காலை எடுத்தான். ஏணியை நகர்த்திவிட்டார்கள். நான் கூண்டின் அடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

எப்போதும் அந்த நேரத்தில் கயிறு என் கையை மேலே இழுக்கும். கட்டிப்போட்ட ஆட்டுக்குட்டி இழுக்கிற மாதிரி. அன்றைக்கு அது சும்மா கிடந்தது.

"வருண பகவானே, எறங்கி வா!" என்று மேடையில் எல்லாரும் கத்தினார்கள். மறைதுணி உயர்ந்தது. நீல விளக்கு எரிந்தது. மேடைக்குப் பன்னிரண்டு அடி மேலே, பால்கனிக்குப் பக்கத்தில், கை இரண்டையும் விரித்துக்கொண்டு வருணன் தொங்கினான். லோரியில் வந்தவர்கள் விசில் அடித்தார்கள். நான் கயிற்றை விட்டுக்கொடுத்தேன்.

வருணன் வரவில்லை.

இன்னும் விட்டேன். கயிறு என் காலடியில் சுருண்டது. அவன் அங்கேயே இருந்தான். கயிற்றால் இழுக்கலாம், தள்ள முடியாது. என்னால் அவனை மேலே மட்டும்தான் அனுப்ப முடியும். அவனோ ஏற்கெனவே மேலேதான் இருக்கிறான்.

"பகவானே, எறங்கி வா!" மறுபடி கத்தினார்கள், இந்த முறை கொஞ்சம் கெஞ்சலாக.

"வரேன் வரேன்," என்றான் தம்புசாமி, காற்றில் காலை உதைத்துக்கொண்டு.

சிவசம்பு சார் என் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன பிள்ளை, சிக்கிட்டுதா? ஏணியைக் கொண்டுவரட்டே?"

ஏணி வந்தால் எல்லாம் முடிந்தது. சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்த படிவம் கண்ணுக்குத் தெரிந்தது. நான் மேலே பார்த்தேன். கிரீடத்தின் ஓரத்தில் செய்தித்தாளின் ஒரு நுனி எட்டிப் பார்த்தது. மொட்டை. காவடி. விரதம். இரண்டு துளை. தலைக்குள் அந்த இரண்டு பக்கமும் ஒரு வழியாகச் சந்தித்துக்கொண்டன.

"அலாமாக்! சிக்கல சார், எளைச்சிட்டான்!"

மூட்டை இப்போது அவனைவிடக் கனம், கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டது. மூட்டையைக் குறைக்க முடியாது, கூண்டைத் திறக்கக் கூடாது. அப்படியென்றால் அவனைக் கூட்ட வேண்டும். எவ்வளவு? எதை வைத்து? கண் பால்கனித் தொட்டியில் போய் நின்றது. தண்ணீர் ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. உலகத்திலேயே நம்பிக்கையான எடைக்கல் அதுதான். அந்தக் குவளையை வாங்கியது நான். ஒரு லிட்டர் என்று அதன் அடியிலேயே எழுதியிருக்கும்.

"சார், இதக் கொஞ்சம் புடிங்க. இழுக்காதீங்க, விடாதீங்க!" கயிற்றை அவர் கையில் திணித்துவிட்டுப் பால்கனியின் பின்படியில் ஏறினேன். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து சந்திரகலாவின் சேலையை இழுத்தேன்.

"கலா, எத்தன கிலோ எளைச்சான்னு அவன்கிட்ட கேளு. அப்புறம் வாளிய அவன் கையில மாட்டி, ஒவ்வொரு குவளையா ஊத்து. நான் கீழ போனதும் கூண்டுல ரெண்டு தட்டு தட்டுவேன். அதுக்கு முன்னால ஒரு சொட்டு ஊத்தாத!"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடுப்பில் கையை ஊன்றினாள். "ஏன் சாமி, எறங்க மாட்டேங்கிறீங்க? போன மாசம் நல்லா கொழுகொழுன்னு இருந்தீங்களே. எத்தன கிலோ எளைச்சீங்க?"

தம்புசாமி ஒரு வினாடி விழித்தான். பிறகு புரிந்துகொண்டான். "ஏழு கிலோ மா! கிள்ளான் பஸ் ஸ்டேஷன் மெஷின்ல காசு போட்டுப் பாத்தேன்! நாப்பத்தெட்டு நாளா ஒரு வேள சோறு!"

மண்டபம் அதிர்ந்தது. அவன் காவடி எடுத்தது பாதிப் பேருக்குத் தெரியும். "பாவம் லா, சாமிக்கு எதாச்சும் குடுங்க!" என்று அவன் அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே கத்தினாள்.

படி இறங்குகையில் கணக்குப் போட்டேன். அறுபத்து மூன்றில் ஏழு போனால் ஐம்பத்தாறு. மூட்டை ஐம்பத்தொன்பது. மூட்டையைச் சமாளிக்க மூன்று, உராய்வைச் சமாளிக்க இரண்டு. ஐந்து வரை ஒன்றும் நடக்காது. அதற்கு மேல்தான் நகருவான். சாரிடமிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டு கூண்டில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

சந்திரகலா கையை நீட்டி வாளியை அவன் கையில் மாட்டினாள். "இந்தாங்க, குடிச்சிட்டுத் தெம்பா எறங்குங்க." முதல் குவளையை ஊற்றினாள்.

"வருணனுக்கே தண்ணி நாமதான் குடுக்கணுமா?" என்றான் கீழ்வீட்டுக்காரனாக நடித்தவன். அது வசனத்தில் இல்லை.

"ஒண்ணு!" என்றது லோரிக் கூட்டம்.

"ரெண்டு!" என்றது பாதி மண்டபம்.

மூன்றுக்கும் நான்குக்கும் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். வருணன் அசையவில்லை. வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஐந்து. என் உள்ளங்கையில் கயிறு லேசாக உயிர் பெற்றது, வாளியின் எடையும் சேர்ந்ததால்தான். ஆட்டுக்குட்டி விழித்துக்கொண்டது.

"ஆறு!"

கயிறு இழுத்தது. நான் விட்டுக்கொடுத்தேன். தம்புசாமி கையில் வாளியோடு, ஒரு சொட்டுச் சிந்தாமல், டிசம்பரில் இறங்கிய அதே வேகத்தில் இறங்கினான். இறகு. மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. நானும் தட்டியிருப்பேன், கையில் கயிறு இருந்தது.

அவன் கால் மேடையில் பட்டதும்தான் எனக்கு அடுத்தது உறைத்தது. இப்போது அவன் வாளியைக் கீழே வைத்தால்?

வைத்தான். நல்ல நடிகன், வருணன் தண்ணீர் கொடுக்க வேண்டும், இல்லையா? வாளியைக் கீழ்வீட்டுக்காரன் கையில் கொடுத்து, "இத எல்லாரும் பங்கு போட்டுக்குங்க," என்று சொல்லி முடிப்பதற்குள் அவன் குதிகால் தரையை விட்டு எழும்பியது. ஐம்பத்தாறுக்கு ஐம்பத்தொன்பது. தீர்ப்பு இன்னும் பாக்கி. சாமி கிளம்பிவிட்டார்.

"கால! கால புடிங்க!" என்று நான் கூண்டுக்குப் பின்னாலிருந்து கத்தியது முன்வரிசைக்கும் கேட்டிருக்கும்.

அதுவரை ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்காமல் சண்டை போட்ட அந்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் பாய்ந்து வந்து வருணனின் காலைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் வலது கால், ஒருவன் இடது கால், ஒருத்தி நீலப் பட்டு. சந்திரகலா பால்கனியிலிருந்து ஓடி வந்து அவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"விட்றாதீங்க, ஒத்துமையா புடிங்க!" என்றாள்.

தம்புசாமி குனிந்து அவர்களைப் பார்த்தான். தீர்ப்பு இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தோம். அதை அவன் அப்படியே விட்டுவிட்டான். "இப்படித்தான்," என்றான். "கொழாயையும் இப்படியே புடிச்சுக்குங்க. இப்ப என்ன விடுங்க, வேல இருக்கு."

விட்டார்கள். அவன் ஆசி சொன்ன கையோடு மெல்ல மெல்ல மேலே போனான். மூன்று கிலோ, அதில் இரண்டு உராய்வுக்கு, மிச்சம் ஒன்று. நான் கயிற்றை இழுக்கவே இல்லை. ஒன்பது ஒத்திகையிலும் நான் மூச்சு வாங்க இழுத்து ஏற்றியவன், அன்றைக்குத் தானாகவே, புகை போல ஏறினான். திரை விழுந்தது.

நேர்முகத் தேர்வு ஒப்பனை அறையில், கழற்றி வைத்த கிரீடத்துக்குப் பக்கத்தில் நடந்தது. சபாபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்தும் கண்ணைத் துடைத்தார்.

"காலைப் பிடிக்கிற அந்த முடிவு நல்லா இருந்துச்சு. யாரு யோசிச்சது?"

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சிவசம்பு சார்கூடக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் எப்படி நடந்தது என்று சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. நோட்டை விரித்து, 63-ஐக் காட்டி, விரதம், மொட்டை, இரண்டு துளை, குவளைக் கணக்கு எல்லாவற்றையும் படம் வரைந்து விளக்கினேன். ஏணி கேட்கவில்லை, கூண்டைத் திறக்கவில்லை என்றேன். கயிற்றைச் சார் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தேன் என்பதையும் சொன்னேன். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். சபாபதி நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பொறி இறக்கணும், ஏத்தணும். ரெண்டும் செஞ்சுது," என்றார். "கயிறு யார் கையிலாவது இருந்துச்சு. ஆனா இந்த அறுபத்து மூணுக்குப் பக்கத்துல தேதி எங்க?"

இல்லை. அவர் தன் பேனாவைக் கொடுத்தார். நான் தேதி எழுதினேன். அவர் தாளில் 'தேர்ச்சி' என்று எழுதிவிட்டு, தேதிக்காக ஐந்து மதிப்பெண் குறைத்தார்.

வெளியே அப்பா கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

"பிள்ளை, சாமி நாலு நிமிஷம் லேற்."

"ஓம் அப்பா."

"காரணம் தெரியுமோ?"

"தெரியும். பாரம் பார்க்காமல் வண்டியை விட்டுட்டன்."

அவர் தலையை ஆட்டினார். ரயில்வேக்காரருக்கு அது போதுமான காரணம். வீட்டுக்குப் போனதும் சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து அந்தப் படிவத்தை எடுத்தார். பின்பக்கம் வெற்றாக இருப்பதைக் காட்டி, அந்த உருளைகளும் கயிறும் எப்படிப் போகின்றன என்று அதில் வரைந்து காட்டச் சொன்னார்.

பார்த்தவர்கள் நாடகத்தை அடுத்த மாதம் மறுபடி போடச் சொல்லிக் கேட்டார்கள். வாளியும் காலைப் பிடிப்பதும் கட்டாயம் இருக்க வேண்டுமாம். இரண்டையும் வசனத்திலேயே எழுதிச் சேர்த்தோம். சிக்கல் என்னவென்றால், இடும்பன் பூசை முடிந்த நாளிலிருந்து தம்புசாமி சாப்பிடத் தொடங்கியிருந்தான். ஒரு மாலை பங்சார் கடையில் அவன் ஆறாவது தோசைக்குக் கை காட்டியபோது நான் நோட்டை எடுத்தேன்.

"என்ன லா பூசணி, நிம்மதியா திங்க விட மாட்டியா?"

"தின்னு தின்னு," என்றேன். "முடிச்சதும் அரிசிக்கடைக்கு வா."

அன்றைக்கு அவன் கிரீடம் இல்லாமலே அறுபத்து நான்கு இருந்தான். பக்கத்தில் தேதி எழுதினேன். வருணன் மறுபடி மேலேயே நிற்க மூட்டையில் எத்தனை கிலோ மணல் கூட்ட வேண்டும் என்று தராசுக்குப் பக்கத்திலேயே நின்று கணக்குப் போட ஆரம்பித்தேன்.